அறிவியல் வகுப்பில் அறியா வினா

வினாவுதலைக் கல்வியின் ஓர் உறுப்பாகவே முன்னைத் தமிழ் நூலார் போற்றினர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், கற்பித்தல் கற்றல் ஆகிய இரண்டின் இயல்பையும் பொதுப்பாயிரத்தில் வகுத்துரைக்கின்றது. வினாவுவதும், பிறர் வினாவியவற்றுக்கு விடை பகர்வதும் மாணாக்கன் தன் கடமையாகக் கொள்ளத்தக்கன என்றும், அவற்றால் அறியாமை பெரிதும் அகலும் என்றும் அந்நூல் கூறும். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் கைவருவது காற்பங்குக் கல்வியே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது அந்நூல் காட்டும் கணக்கு.

இக்கணக்கைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவரும் பலர். எனினும், தமிழ்ப்பாட வேளை முடிந்து அறிவியல் பாட வேளைக்கான மணி அடித்தவுடன், அதே ஆசிரியர் அக்கணக்கை மறந்துவிடுகின்றார். முழுப்பங்கையும் தாமே உரைத்து முடிக்க முனைகின்றார். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பித்தலின் குறை எது என வினாவின், அது கருவிகளின் குறையோ கட்டடங்களின் குறையோ மட்டுமன்று. வினாவின் குறையே தலையாயது எனலாம். இது பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்தற்குரியது.

ஆறு வினாக்களும் வகுப்பறையும்

நன்னூலார் வினாவை ஆறாகப் பகுப்பர். விடையை அறிந்த ஒருவர் பிறர் அறிவைச் சோதிக்க வினாவுவது அறி வினா. அறியாதவர் அறிதற்பொருட்டு வினாவுவது அறியா வினா. இதுவோ அதுவோ எனத் தெளிவுறாது வினாவுவது ஐய வினா. ஒன்றைப் பெறுதற்பொருட்டு வினாவுவது கொளல் வினா. ஒன்றைக் கொடுத்தற்பொருட்டு வினாவுவது கொடை வினா. ஒரு செயலைச் செய்யுமாறு ஏவும் குறிப்புடையது ஏவல் வினா.

இவ்வாறனுள் பெரும்பாலான அறிவியல் வகுப்புகளை ஆள்வன இரண்டே. "மீனின் சுவாச உறுப்பு எது?" என்று ஆசிரியர் கேட்பார்; "செவுள்" என்று வகுப்பு ஒரே குரலில் முழங்கும். இஃது அறி வினா. "பாடநூலைத் திறந்துவிட்டீர்களா?" என்பது ஏவல் வினா. இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது மூன்றாவதொன்று: "எல்லாருக்கும் புரிந்ததா?" வடிவால் இஃது அறியா வினாவைப் போல் தோன்றும். உண்மையில் இதுவும் ஏவலே. "புரிந்தது என்று சொல்லுங்கள்" என்பதே அதன் உட்குறிப்பு. மாணவரும் அக்குறிப்பை உணர்ந்து, "புரிந்தது ஐயா" என்று கீழ்ப்படிகின்றனர்.

கொளல் வினாவும் கொடை வினாவும் சோதனை நிகழும் வகுப்பில் மட்டுமே பிறக்கும். "ஐயா, இன்னொரு காந்தம் இருக்கிறதா?" என மாணவர் கேட்பதும், "உங்கள் குழுவுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லையா?" என ஆசிரியர் கேட்பதும் கைகள் வேலை செய்வதற்கு அடையாளங்கள். ஐய வினாவோ இரு கருத்துகள் மோதும் இடத்தில் தோன்றுவது. அறியா வினா இவையனைத்துக்கும் முதல்; அறிவியலின் பிறப்பிடம் அதுவே. அறிஞர் தம் ஆய்வுக்கூடத்தில் கேட்பது, தமக்கே விடை தெரியாத வினாவையன்றோ?

அறி வினா வேண்டாதது என்பது கருத்தன்று. கற்றதை நினைவூட்டவும் சோதிக்கவும் அது பயன்படும். ஆயின், அது தொடக்கமாக வேண்டுமேயன்றி முடிவாதல் கூடாது. ஆசிரியரின் அறி வினா மாணவரின் அறியா வினாவைப் பிறப்பித்தல் வேண்டும். பிறப்பித்ததா இல்லையா என்பதே ஓர் அறிவியல் பாடத்தின் வெற்றி தோல்வியை அளக்கும் கோல்.

பால்மரம் எழுப்பும் வினாக்கள்

சுங்கை சிப்புட் வட்டாரம் பல்லாண்டுகள் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. அண்டை நகராகிய கோலகங்சாரில்தான், 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளுள் சில நடப்பட்டன. எல்பில், டோவன்பி முதலிய தோட்டங்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்துள்ளன. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, தீம்பாருக்குள் நுழைந்து, தத்தம் நிரையில் மரம் வெட்டினர். கையில் உளியும், மரத்தில் மங்கும், தோளில் வாளியுமாக அவர்கள் நாள்தோறும் செய்தது தாவரவியலும் வேதியியலும் கலந்த ஒரு செயல். ஆயினும், "ஏன்?" என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கவும் இடமில்லை. கேள்வி மேலிருந்து கீழே வரும். "சரிங்க ஐயா" என்னும் விடை கீழிருந்து மேலே போகும். தோட்டத்தின் ஒழுங்கு அது. அத்தோட்டத்தின் பள்ளியும் அவ்வொழுங்கையே பின்பற்றிற்றெனின், அதன் இழப்பு சிறிதன்று.

வினாவின் ஆற்றலுக்கு அம்மரமே சான்று. பிரேசில் நாட்டில் ரப்பர் மரத்தைக் கோடரியால் கொத்திப் பாலெடுப்பது பழைய வழக்கம். அதனால் மரம் புண்பட்டு நலிந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பாலெடுக்க இயலுமா எனத் தமக்குத் தாமே வினாவி, வெட்டி வெட்டிப் பார்த்தார். ஒரே காயத்தின் ஓரத்தை மெல்லியதாகச் சீவித் திறக்கத் திறக்கப் பால் மிகுதியாக ஊறுவதைக் கண்டார். மலாயாவின் ரப்பர்த் தொழில் அந்த அறியா வினாவின்மேல் எழுந்தது எனின் மிகையன்று.

இனி, இதே மரத்தைக் கொண்டு நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பாடம் நிகழ்வதாகக் கொள்க. ஆசிரியை கேட்கின்றார்: "பால் வெட்டுகிறவர்கள் ஏன் விடியுமுன்னே வேலைக்குப் போனார்கள்?" ஒரு மாணவன் எழுகின்றான்: "வெயில் ஏறுனா களைச்சுப் போயிடுவாங்க, டீச்சர்."

பாடநூலில் உள்ள விடை இதுவன்று. "தவறு, உட்கார்" எனின் பாடம் அங்கேயே முடிந்தது. "சரி, மனிதர் களைப்பார். மரம் களைக்குமா?" எனின் வகுப்பு சிரிக்கும், சிரித்த பின் சிந்திக்கும். அடுத்து ஆசிரியை விளக்கம் கூறாமல், பள்ளித் தோட்டத்துச் செடிகள் இரண்டின் கிளைகளில் நெகிழிப் பைகளைக் கட்டச் செய்கின்றார்; ஒன்று வெயிலில், மற்றொன்று நிழலில். ஒரு மணி நேரம் கழித்து, வெயிற்பையில் நீர்த்துளிகள் மிகுந்திருப்பதைப் பிள்ளைகள் காண்கின்றனர். அப்போது ஒரு சிறுமி கேட்கின்றாள்: "பைக்குள்ள யாரும் தண்ணி ஊத்தலையே, டீச்சர். எங்கிருந்து வந்துச்சு?"

அவ்வினாவே அப்பாடத்தின் உயிர். அதனை ஆசிரியை கேட்கவில்லை. கேட்குமாறு சூழலை அமைத்தார். இனி விளக்கம் எளிது. வெயில் ஏற ஏற இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகின்றது. மரத்தினுள் நீரழுத்தம் தளர்கின்றது. விடியற்காலையில் பால் நாளங்களில் உள்ள அழுத்தம் மிகுந்திருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று கணிப்பர். ஆதலின் அப்போது வெட்டினால் பால் பெருகும். உச்சி நோக்கி வெயில் ஏறியபின் வெட்டினால் ஒழுக்கு குறையும். பாட்டனும் பாட்டியும் நாள்தோறும் கண்டறிந்தும் பெயரிடாத ஓர் உண்மைக்குப் பேரப்பிள்ளை பெயரிடுகின்றான்.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால்வெட்டைக் கண்ணால் காணாத பிள்ளைகளே பெரும்பாலோர். ஆதலின் இவ்வினாவை வீட்டுக்கு அனுப்புதல் தகும். "மழை பெஞ்சா வெட்டு இல்லைன்னு பாட்டி சொன்னாங்க" என்று ஒருவன் மறுநாள் கூறுவான். ஏன் இல்லை? மழையால் மரத்தில் பால் வற்றிவிடுமா, அன்றி வடிந்த பால்தான் வீணாகுமா? இஃது ஐய வினா. பட்டை நனைந்திருப்பின், வடிந்த பால் வெட்டின் கோட்டை விட்டு மரமெங்கும் பரவி வீணாகும். மங்கில் விழுந்ததையும் மழைநீர் அடித்துச் செல்லும். இதனை ஒரு வழவழப்பான குழாயில் மாவுக் கரைசலை வழியவிட்டு, உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சுங்கை சிப்புட்டில் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் எழுந்த தமிழ்ப்பள்ளி, 1954இல் விசயலட்சுமி பண்டிதரால் திறந்துவைக்கப்பட்டு, மகாத்மா காந்தி கலாசாலை எனப் பெயர் பெற்றது. அப்பெயருக்குரிய காந்தியடிகள், 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது வலியுறுத்தியதும் இதுவே. கைத்தொழிலைப் பழக்கத்தால் மட்டும் கற்பித்தல் ஆகாது. அதன் ஒவ்வொரு செயலுக்கும் ஏன், எதற்காக என்பதைக் குழந்தை அறிதல் வேண்டும் என்றார் அவர். நூற்பு அவர் காட்டிய தொழில்; பால்வெட்டு இம்மண்ணின் தொழில்.

வினாவின் வரிசை

வினாக்களைக் குவிப்பதால் மட்டும் பயன் விளையாது. அவற்றுக்கு வரிசை வேண்டும். பல ஆசிரியர் "ஏன்?" என்றே தொடங்குகின்றனர். காணாத ஒன்றுக்குக் காரணம் கூறுமாறு கேட்டால் மாணவன் பாடநூலைப் புரட்டுவானேயன்றிப் பொருளைப் பார்க்கமாட்டான். "என்ன கண்டாய்?" என்பது முதல் வினா, இதற்கு விடை கூற இயலாத குழந்தை இல்லை. "இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு?" என்பது இரண்டாவது. "இதை மாற்றினால் என்ன நேரும்?" என்பது மூன்றாவது, இதற்குரிய விடையைச் செய்து பார்த்தே முடிவு செய்யவேண்டும். "ஏன்?" என்பது நான்காவதாகவே வரத்தகும். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்பது இறுதி வினா. சான்று கேட்கும் இவ்வினாவை ஆசிரியரை நோக்கியும் மாணவர் கேட்கும் நாளில் அறிவியல் வேரூன்றிவிட்டது எனக் கொள்ளலாம்.

வினாவிய பின் மௌனமும் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறைகளில் பதிவு செய்த உரையாடல்களை ஆராய்ந்து, ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்டபின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என 1974இல் காட்டினார். மூன்று நொடிகள் காத்திருந்த வகுப்புகளில் மாணவரின் விடைகள் நீண்டன. விடையின்றி விழித்தல் குறைந்தது. மாணவர் தாமே கேட்கும் வினாக்கள் பெருகின. பின்தங்கியோர் எனக் கருதப்பட்டவரும் வாய் திறந்தனர். செலவே இல்லாத சீர்திருத்தம் இது. எனினும் அம்மூன்று நொடிகளைத் தாங்கிக்கொள்ளுதல் ஆசிரியருக்கு எளிதன்று. மௌனத்தைத் தம் தோல்வியாகக் கருதி அவர் தாமே விடையைக் கூறிவிடுகின்றார்.

எதிர் வினாவும் விடையே

மாணவர் வினாவத் தொடங்கினால் தமக்கு விடை தெரியாமற் போகுமே என்னும் அச்சம் பல ஆசிரியர்க்கு உண்டு. இவ்வச்சத்துக்கும் தமிழிலக்கணத்தில் மருந்து உள்ளது. வினாவுக்கு எதிராக எழும் வினாவும் விடையே எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும். நன்னூலாரும் விடையை எட்டாகப் பகுத்து, வினா எதிர் வினாதலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். "இலையிலிருந்து வரும் நீர் இரவிலும் வருமா, ஐயா?" என்று ஒருவன் கேட்டால், "அதைக் கண்டறிய என்ன செய்யலாம்?" என்பது முறையான விடை. ஆசிரியர் அறியாமையை மறைக்கும் தந்திரமாக அதனைக் கொள்ளலாகாது. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு, "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று கூறும் ஆசிரியரின் மதிப்பு குறைவதில்லை, உயர்கின்றது.

தேர்வு வளர்த்ததும் தேய்த்ததும்

மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அறிவியல் 1997 முதல் ஒரு பாடமாக இடம்பெற்றது. அதனால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. வெறுஞ்செய்திகளைக் கேட்பதோடு நில்லாமல், உற்றறிதல், ஊகித்தல், மாறிகளை அறிதல் முதலிய செயற்பாங்குத் திறன்களையும் அத்தேர்வு கேட்டது. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் உரிய கவனம் பெற்றதற்கு அது துணைநின்றது.

ஆயின், தேர்வுக்குப் பழக்கும் வேகத்தில் அத்திறன்களே வாய்பாடுகளாயின. "நீரின் வெப்பநிலை அதிகரிக்க அதிகரிக்கச் சீனி கரையும் நேரம் குறைகிறது" என்று பிழையற எழுதும் மாணவன், ஒரு கரண்டிச் சீனியையும் வெந்நீரில் இட்டுக் கலக்கிப் பாராமலே அதனை எழுதினான். தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது என அட்டவணையின் இடம் வலம் நோக்கிக் கூறப் பழகினான். ஐயத்தை வளர்க்க வந்த வினா ஐயமின்றி விடையெழுதும் பயிற்சியாயிற்று. 2013இல் தொடங்கிய தேசியக் கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை வலியுறுத்தியபின் அதற்கும் பயிற்றிகள் அச்சாயின. உயர்நிலைச் சிந்தனைக்கான விடையையும் மனனம் செய்யக்கூடும் எனக் காட்டியது நம் பள்ளிகளின் விந்தை.

யு.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்டது. அதனால் மட்டும் வினா விடுதலை பெற்றுவிடவில்லை. அறி வினாவுக்கே பழகிய நாவு தேர்வு நீங்கியபின்னும் அறி வினாவையே கேட்கும். மதிப்பீடு எப்பெயரில் வரினும் இந்நிலை ஆசிரியரிடத்திலேயே மாறவேண்டும்.

மாற்றம் இயலாதது அன்று என்பதற்கு இந்தியாவில் ஒரு சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு ஊர்ப்புறப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், விடை கூறாது சோதனையும் வினாவும் தரும் பாடநூலை மாணவர் கையில் தந்தது. நூலைத் திறந்துவைத்தே தேர்வெழுதலாம் என்றது. பிள்ளைகள் தம் ஐயங்களை எழுதியனுப்புவதற்கெனச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மாந்தரையும் படைத்தது. எளிய உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு மடல் எழுதினர். அவர்களுக்கு மறுமொழியும் சென்றது. அரசு 2002இல் அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டதாலேயே அது தோற்றது எனக் கூறுதல் பொருந்தாது. முப்பதாண்டுகள் வினாவிய பிள்ளைகளை அது உருவாக்கிற்று.

வினாவின் மொழி

மலேசியப் பள்ளிகளில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் படிப்படியாகத் தமிழ்ப்பள்ளிகளில் தமிழ் மீண்டது. 2016இல் வந்த இருமொழித் திட்டம் அவ்விவாதத்தை மீண்டும் எழுப்பிற்று. இவ்விவாதத்தில் இரு தரப்பாரும் விடையின் மொழியைப் பற்றியே வாதிட்டனர். வினாவின் மொழியை எண்ணியவர் சிலரே. விடையை எம்மொழியிலும் மனனம் செய்யலாம். அறியா வினாவோ, குழந்தை வியக்கும் மொழியில்தான் பிறக்கும். "எங்கிருந்து வந்துச்சு, டீச்சர்?" என்று கேட்ட சிறுமிக்கு அவ்வினாவை வேற்றுமொழியில் தொடுத்துக் கேட்குமாறு பணித்திருப்பின், அவள் தொடுத்து முடிக்குமுன் வியப்பு அகன்றிருக்கும். தமிழில் அறிவியல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை. ஆயின், தமிழிற் கற்பித்தும் மாணவரை வினாவவிடாத வகுப்பு அக்காரணத்தைத் தானே பொய்யாக்கிவிடுகின்றது என்பதையும் தமிழாசிரியர் உணர்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

நேரமில்லை என்பது பொதுவான மறுப்பு. ஒவ்வொரு பாடமும் இவ்வாறு நிகழ்தல் இயலாதெனினும், வாரத்தில் ஒரு பாடமேனும் இயலும். பாடத்தின் இறுதியில் ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டுத்தாளில் ஒரு வினாவை எழுதிப் பெட்டியில் இடலாம். அவற்றுள் ஒன்றிலிருந்து அடுத்த பாடம் தொடங்கலாம். 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட தோட்டப்புறப் பள்ளிகள் தம் எண்ணிக்கையை எண்ணி வருந்துவது வழக்கம். வகுப்பில் பன்னிருவரே உளரெனின், பன்னிருவரும் வினாவ இடமுண்டு. பெரும்பள்ளிகளுக்கு வாய்க்காத பேறு இது.

தலைமையாசிரியர்க்கும் இதில் பொறுப்புண்டு. மேற்பார்வைக்காக வகுப்பில் அமரும்போது, ஆசிரியர் கேட்ட வினாக்களைக் குறிப்பதோடு, மாணவர் கேட்ட வினாக்களையும் அவர் எண்ணிக் குறித்தல் வேண்டும். முப்பது நிமிடப் பாடத்தில் மாணவர் வினா ஒன்றேனும் இல்லையெனின், பாடத்திட்டம் எத்துணைச் செம்மையாக எழுதப்பட்டிருப்பினும் அப்பாடம் நிறைவெய்தவில்லை.

சுங்கை சிப்புட்டின் தோட்டங்களில் விடியலுக்கு முன்னரே எழுந்த முன்னோர், விடைகள் பலவற்றைக் கையில் வைத்திருந்தனர். மரம் எப்போது பால் சுரக்கும், எத்துணை ஆழம் வெட்டலாம், எந்நாளில் வெட்டலாகாது என்பனவற்றை அவர்கள் அறிவர். அவர்களிடம் அவ்விடைகளுக்குரிய வினாக்களை எவரும் கேட்டிலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அறிவியல் வகுப்பில் அமர்ந்துள்ளனர். அவர்களையும் "புரிந்தது ஐயா" என்று கூறவைத்து அனுப்புதல் தகுமா என்பது ஆசிரியர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே வினாவத்தக்க அறியா வினாவாகும்.